வைக்கோல் சுற்றிய தூண்கள்

சென்ற வாரம் கௌசல்யா போனில் கூப்பிட்டபோது நான் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கௌசல்யா எனக்குப் பழக்கமான பெண், என்னைவிட இளையவள். தஞ்சாவூர் புறவழிச்சாலைப் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பாதுகாப்பு அலுவலராக இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள்.

"அக்கா, இப்ப வெல்டிங் பர்மிட்டெல்லாம் ஆப்லதான். ஃபோட்டோ எடுத்துப் போட்டா பச்சை டிக் வந்துடுது. டிக் வந்துட்டா போதும்தானே?"

"ஃபோட்டோ எந்த மாடியில எடுக்குற?"

"வெல்டிங் நடக்குற மாடியிலதான்."

"அதுக்குக் கீழ் மாடியில?"

"அதை ஆப்ல கேக்கலையே அக்கா."

கீழே போய்ப் பார், அதற்கும் கீழே போய்ப் பார் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் யோசனை. சரியாகச் சொன்னேனா? புதிதாகச் சேர்ந்த பெண்ணை வீணாகப் பயமுறுத்திவிட்டேனா? அவள் கேட்டது ஒரு கேள்வி, நான் சொன்னது பாதி பதில். மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வேலையை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. முப்பத்து மூன்று வயதில் பணிக்கால நினைவுகள் என்று எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் திரும்பப் போவேனா என்று தெரியாத நிலையில், மறப்பதற்குள் எழுதுவதுதான் நல்லது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டடப் பொறியியல் படித்தேன். பிறகு ஒரு வருடம் தொழிற்பாதுகாப்புப் பட்டயம். சென்னையில் இரண்டு பெரிய கட்டடங்களில் உதவியாளராக வேலை பார்த்தேன். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் வேலை கிடைத்ததும் நீடாமங்கலத்தில் அம்மா வீட்டோடு வந்துவிட்டேன். காலையில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு ரயில் ஏறுவேன். ரயில் நகர்ந்ததும் பால் பாட்டிலைக் கழுவி வைத்தேனா என்ற கவலை தொடங்கும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸ் மூடினேனா என்று திரும்பி வருகிற ஆள் நான். பாதுகாப்பு வேலைக்கு அது பொருத்தமான குணம் என்று தோன்றலாம். முழுக்க அப்படியில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர் சொல்வதை, சைட்டில் கொஞ்ச நாளுக்குப் பிறகு யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எதற்குக் குரல் எழுப்புவது, எதை விடுவது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன்.

கட்டி முடித்த கட்டடத்தைவிடக் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் எளிதில் எரியும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். வெறும் கான்கிரீட்தானே, என்ன எரியப்போகிறது என்பார்கள். கான்கிரீட்டைத் தாங்கி நிற்பது முழுக்கப் பலகை. பலகையில் ஒட்டாமல் வர எண்ணெய் பூசியிருப்பார்கள். குளியலறைப் பள்ளங்களை நிரப்ப தெர்மாகோல் அட்டைகள் வரும். மின்சாரக் குழாய்கள் கட்டுக் கட்டாக வரும். ஜெனரேட்டருக்கு டீசல், பெயிண்டருக்குத் தின்னர், யாரோ ஒரு மூலையில் டீ போட வைத்திருக்கும் ஹீட்டர், தரையில் பாம்பு மாதிரி கிடக்கும் ஒயர்கள். தீயைத் தடுக்கக் கதவு கிடையாது, சுவர் பாதிதான் இருக்கும். படிக்கட்டும் லிஃப்ட் குழியும் கீழிருந்து மேல் வரை திறந்து கிடக்கும். கீழே புகைந்தால் அந்த இரண்டு வழியாகத்தான் புகை மேலே போகும். ஆட்கள் இறங்கி வர வேண்டியதும் அதே படிக்கட்டில்தான்.

எங்கள் திட்ட மேலாளர் வரதராஜன் சார். கும்பகோணத்துக்காரர், ஐம்பதை நெருங்குபவர். ஹெல்மெட்டுக்கு மேல் ஒரு கறுப்புக் குடையையும் பிடித்துக்கொண்டுதான் சைட்டில் நடப்பார். கத்த மாட்டார். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்மா" என்பார். அந்தப் பாக்கலாம்மாவில் இரண்டு வகை உண்டு என்று கண்டுபிடிக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. நின்று, குடையை மடக்கிக்கொண்டு சொன்னால் அது நடந்துவிடும். நடந்துகொண்டே சொன்னால் அதை மறந்துவிட வேண்டியதுதான். கட்டடம் உயர உயரத் தண்ணீரும் கூடவே ஏற வேண்டும், ஒவ்வொரு மாடியிலும் ஒரு குழாய் வேண்டும் என்று நான் கேட்டபோது குடையை மடக்கினார். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவதற்கென்று மேலே வைத்த பெரிய தொட்டியிலிருந்தே எல்லா மாடிக்கும் குழாய் இறக்கிக் கொடுத்தார். வைக்கோலைப் பற்றிக் கேட்டபோது நடந்துகொண்டே இருந்தார்.

வைக்கோல் விஷயத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கான்கிரீட் தூணின் பலகையைப் பிரித்த பிறகு ஒரு வாரமாவது அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். மற்ற ஊர்களில் சணல் சாக்கைச் சுற்றுவார்கள். எங்கள் பக்கம் வைக்கோல். சம்பா அறுவடை முடிந்தால் வண்டி வண்டியாகக் கிடைக்கும், தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மெஷின் அறுத்த வைக்கோல் கயிறு மாதிரி பிரி திரிக்க நிற்காது என்பதால் அள்ளி வைத்துச் சணலால் கட்டுவார்கள். கட்டுகிற பெண்கள் எல்லாம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். நடவும் களையும் இல்லாத நாளில் சித்தாள் வேலை. தூணுக்கு வைக்கோல் கட்டும்போது அவர்கள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஈரமாக இருக்கும் வரை அதனால் ஆபத்தில்லை. ஒரு வாரம் முடிந்து தண்ணீர் விடுவது நின்றதும், மாசி வெயிலில் இரண்டே நாளில் அது மொறுமொறுவென்று காய்ந்துவிடும். சிமெண்ட் பட்ட வைக்கோலை மாடு தொடாது, அதனால் கேட்டு வருகிறவர் இல்லை. அதற்காக யாரும் அதைத் தூக்கி எறிவதுமில்லை. வைக்கோலைக் குப்பை மாதிரி போட எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கை வராது. அவிழ்த்து, உதறி, ஒரு மூலையில் குட்டி வைக்கோல்போர் மாதிரி அழகாக அடுக்கி வைத்துவிடுவார்கள். அவிழ்த்த அன்றே கீழே இறக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சாமான் ஏற்றி இறக்கும் ஹாய்ஸ்டில் இடம் இருந்தால் இறக்குவார்கள். செங்கல்லும் சிமெண்டும் ஏறுகிற நாளில் இருக்காது.

வெல்டிங் அனுமதி கொடுப்பது என் வேலை. நான் அதை எப்படிச் செய்தேன் என்பதையும் கௌசல்யாவுக்காக எழுதிவிடுகிறேன். வேலை நடக்கப்போகும் மாடிக்கு முதலில் போக மாட்டேன். அதற்கு இரண்டு மாடி கீழே தொடங்கி மேலே ஏறுவேன். தீப்பொறி கீழேதான் போகும். லிஃப்ட் குழியில் விழும், குழாய்க்கு விட்ட ஓட்டையில் விழும். தரையில் பட்டதும் சின்னச் சின்ன மணியாக உடைந்து உருளும். அது எங்கே போய் நிற்கும் என்று குனிந்து பார்க்க வேண்டும். ஓட்டைகளைத் தகரத்தால் மூட வேண்டும். குழிக்குள் கீழே ஒரு தட்டி கட்டி, அதன் மேல் தீப் பிடிக்காத கனத்த போர்வையை விரிக்க வேண்டும். மணல் வாளி, தீயணைப்பான், அதன் பாதுகாப்பு ஊசி சரியாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது. காவலுக்கு ஒருவர், விசிலை வைத்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை அவருக்குக் கொடுக்கக் கூடாது. வெல்டிங் முடிந்தும் அரை மணி நேரம் அவர் அங்கேயே இருக்க வேண்டும், ஏனென்றால் சில பொருள் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்துவிட்டுத் தாமதமாகத்தான் புகையும்.

வெல்டர் பாபு என்னைக் கிண்டல் செய்வார். "மேடம், எங்க வூட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சாங்கியம் பண்ணல. தாலியே கட்டி முடிச்சிருப்பாங்க."

"கட்டினப்புறம் அரை மணி நேரம் யாராச்சும் நின்னு பாத்தாங்களா பாபு?"

"நின்னு பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன் மேடம்."

இனி அந்த நாள்.

கட்டடம் அப்போது பதினோராம் மாடி வரை எழும்பியிருந்தது. அன்று அதற்கு மேல் தளம் போடுகிறோம். கான்கிரீட் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்தக் கூடாது, அதனால் மேஸ்திரியும் கொத்தனார்களும் சித்தாள்களும் மொத்தமாக உச்சியில். ஒன்பதாம் மாடியில் பாபுவும் அவருடைய ஆளும் லிஃப்ட் குழிக்குள் இரும்புச் சட்டம் பற்றவைக்கிறார்கள். தட்டியும் போர்வையும் ஏழாம் மாடி மட்டத்தில், காவலர் அங்கே. காலையில் எல்லா மாடியும் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் மாடித் தூண்களில் வைக்கோல் கட்டியபடியே இருந்தது, குழியிலிருந்து தள்ளி.

நான் இறங்கிய பிறகு, சுவர் கட்ட ஆள் வரப்போகிறது என்று எட்டாம் மாடித் தூண்களின் வைக்கோலை அவிழ்த்திருக்கிறார்கள். அன்று ஹாய்ஸ்ட் முழுக்கக் கான்கிரீட் வேலைக்கு. அதனால் லிஃப்ட் வாசல் ஓரமாக, ஹாய்ஸ்டுக்குப் பக்கம் என்று, வழக்கம்போல அழகாக அடுக்கி வைத்துவிட்டார்கள். மேலேயிருந்து விழுந்த பொறி ஒன்று குழியின் சுவரில் பட்டு எட்டாம் மாடி வாசலுக்குள் தெறித்திருக்கிறது.

காவலர் விசில் ஊதினார். எட்டாம் மாடியில் அப்போது இருந்தவர்கள் வைக்கோலை அவிழ்த்த கலியபெருமாள், அவர் தம்பி என இரண்டு பேர். பக்கத்திலேயே தீயணைப்பான் இருந்தது. அவர்கள் சாரக் குழாய் இரண்டை எடுத்து, பற்றிய போரைக் குத்திப் பிரித்து, எரிகிற வைக்கோலைத் தள்ளித் தள்ளி இழுத்துப்போட்டார்கள். கிராமத்தில் போர் பற்றிக்கொண்டால் அதைத்தான் செய்வார்கள். எரிவதைத் தனியாகப் பிரித்து மண்ணில் பரத்திவிட்டால் தீ அடங்கிவிடும், மீதிப் போர் பிழைக்கும். இங்கே பிரித்ததும் வெளியிலிருந்து வந்த காற்று எரிகிற வைக்கோலை அள்ளி மறுகோடிக்குக் கொண்டுபோய், அங்கே அடுக்கியிருந்த மின்குழாய்க் கட்டிலும் தெர்மாகோலிலும் போட்டது. வெள்ளைப் புகை கறுப்பானது.

பிறகு ஒருநாள் கலியபெருமாள் என்னிடம் கேட்டார். "போரு பத்திக்கிச்சுன்னா பிரிச்சுத்தானே மேடம் போடுவாங்க? பொறந்ததுலேருந்து அதானே பாத்துருக்கோம்?" அந்தச் சிக்கனமான அறிவு வயலில் எத்தனையோ போரைக் காப்பாற்றியிருக்கும். அதற்கப்புறம் பயிற்சி வகுப்பில் தீயணைப்பான் பிடிப்பதைச் சொல்வதற்கு முன்னால், இங்கே வைக்கோலைப் பிரிக்காதீர்கள் என்பதைத்தான் முதலில் சொன்னேன். அதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று கலியபெருமாளும் தம்பியும் காவலரும் இருமிக்கொண்டே கீழே வந்துவிட்டார்கள். பாபுவும் அவர் ஆளும் கீழே வர முடியாமல் மேலே ஓடி உச்சிக்குப் போய்விட்டார்கள். மின்சாரத்தை உடனே நிறுத்தினோம், அதனால் ஹாய்ஸ்ட் ஓடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. ஃபோர்மேன் குணசேகரன் ஏழாம் மாடிக் குழாயில் ஹோஸை மாட்டிக்கொண்டு, முகத்தில் ஈரத் துண்டோடு கீழிருந்து ஏறத் தொடங்கினார். படிக்கட்டில் எட்டுக்கு மேல் புகை அடைத்துக்கொண்டிருந்தது.

கீழே என் பக்கத்தில் வரதராஜன் சார், கையில் வாக்கி டாக்கி. "எல்லாரும் எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க" என்றார்.

"சார், எறங்க வேணாம்னு சொல்லுங்க."

அவர் திரும்பினார். "என்னம்மா சொல்றீங்க? தீ கீழ இருக்கு. மேலேயே நில்லுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"படியில புகை சார். அதுக்குள்ள வந்தா மயங்கி விழுந்துடுவாங்க. மேல வெட்டவெளி, காத்து இருக்கு. கெழக்கு ஓரமா நிக்கட்டும்."

"பதினொண்ணுல முழுக்க சென்ட்ரிங் பலகைம்மா. அது புடிச்சுதுன்னா? அவங்க நிக்கிறதே அதுக்கு மேலதானே?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டில் தீ. ஒன்பதில் வெல்டிங்குக்காக வைக்கோலை முன்பே இறக்கியாகிவிட்டது, வெறும் தரை. பத்தாம் மாடித் தூண்களில் வைக்கோல். அது ஈரமாக இருந்தால் தீ பதினொன்றுக்கு ஏற ஒன்றுமில்லை. காய்ந்திருந்தால் நான் அத்தனை பேரையும் ஓர் அடுப்பின் மேல் நிற்கச் சொல்கிறேன். காலையில் அதைத் தொட்டுப் பார்த்தேனா? தொட்டேன். தொட்டேன்தானே? ஒன்பதில் தொட்டதையா நினைக்கிறேன்? ஒன்பதில் வைக்கோலே இல்லை. பத்தில் தூணைத் தொடும்போது கை நழுவி முழங்கை வரை நனைந்தது, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டேன். குனிந்து பார்த்தேன். சட்டைக் கை இன்னும் மடித்தபடி இருந்தது, மடிப்புக்குள் ஈரம் இருந்தது.

"பத்துல ஈரம் சார். ஊறிக் கெடக்கு. நான் தொட்டுப் பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்குச் சொல்லியிருந்த நூறு சந்தேகங்களில் இதுவும் ஒன்றா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு வாக்கியை வாயருகே கொண்டுபோய், அவருடைய வழக்கமான குரலில் சொன்னார். "மேஸ்திரி, யாரும் எறங்காதீங்க. கெழக்கால போய் உக்காருங்க. இனிமே மேடம் பேசுவாங்க, அவங்க சொல்றதைக் கேளுங்க." வாக்கியை என்னிடம் கொடுத்தார்.

மேஸ்திரி சொன்னதும் மேலே எல்லாரும் கிழக்கே நகர்வது தெரிந்தது. ஒருவர் மட்டும் நகரவில்லை. வாக்கியில் மேஸ்திரியின் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

"மேடம், செல்வி எறங்குறேங்குது. புடிக்க முடியல" என்றார் மேஸ்திரி.

செல்வி திருக்காட்டுப்பள்ளிப் பெண்களில் ஒருவர். அவருடைய ஒன்றரை வயது மகள் யாழினி கீழே தொழிலாளர் கொட்டகையில் இருந்தாள், சமைக்கிற அம்மாவின் பொறுப்பில். கொட்டகை தீ இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், நல்ல தூரத்தில். ஆனால் புகை அன்று தாழ்ந்து அந்தக் கொட்டகையின் மேல்தான் போய்க்கொண்டிருந்தது. மேலேயிருந்து பார்த்தால் கொட்டகை எரிவது மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"அவங்ககிட்ட வாக்கியக் குடுங்க மேஸ்திரி."

"மேடம்" என்றார் செல்வி. "கொட்டாய் பத்திக்கிச்சு மேடம். புள்ள உள்ள கெடக்கு."

"கொட்டாய்ல தீ இல்லீங்க செல்வி. அது வெறும் புகை."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"எறங்காதீங்க. படியில பாதி தூரம்கூட வர முடியாது."

"ஒங்க புள்ளையா இருந்தா நீங்க நிப்பீங்களா மேடம்?"

நின்றிருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்ல முடியவில்லை. என் மகள் அந்த நேரத்தில் நீடாமங்கலத்தில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பாள். "அங்கேயே நில்லுங்க, நான் தூக்கிட்டு வந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கொட்டகையில் சமைக்கிற அம்மா பிள்ளைகளை ஏற்கெனவே வெளியே கொண்டுவந்திருந்தார். யாழினி தூக்கக் கலக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவளை வாங்கிக்கொண்டு புகைக்கு வெளியே, ஜல்லி கொட்டியிருந்த திறந்த இடத்துக்குப் போனேன். உச்சியில் விளிம்பில் ஒரு சின்ன உருவம் நின்றது.

"செல்வி, பாருங்க. தெரியுதா?"

"தெரியல. யார் புள்ளையக் காட்டுறீங்க?"

"உங்க பொண்ணுதாங்க. மஞ்ச கவுனு."

"மஞ்ச கவுனு வள்ளி புள்ளையும்தான் போட்டுருக்கு. தூக்கிக் காட்டுங்க."

வாக்கியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பழக்கமில்லாத கை, அத்தனை உயரம், வெயில் நேராகக் கண்ணில். யாழினி வீலென்று கத்தினாள்.

"அழுவுறாளா?"

"அழுவுறா."

"காலை ஒதறுறாளா?"

"மூஞ்சியிலேயே ஒதைக்கிறா."

"அப்ப அவதான்" என்றார் செல்வி. பிறகு, "எறக்கிடாதீங்க மேடம். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். அந்த உருவம் விளிம்பிலிருந்து பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

நான் இறக்கவில்லை. கை வலித்தபோது தோளில் உட்காரவைத்துக்கொண்டேன். குணசேகரன் எட்டாம் மாடியை அடைந்து தெர்மாகோலில் தண்ணீர் அடித்தார். தீயணைப்பு வண்டி வந்து மீதியை முடித்தது. பத்தாம் மாடி வைக்கோலில் கரி படிந்திருந்தது, ஒரு இழைகூடப் பற்றவில்லை. தளம் பாதியில் இறுகிப்போயிருந்தது. பிறகு அதை உடைத்துத்தான் போட வேண்டியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து தூணுக்குச் சணல் சாக்கு வந்தது. சாக்கும் காய்ந்தால் எரியும்தான். ஆனால் அதை யாரும் போர் போட்டு வைப்பதில்லை, மடித்து அடுத்த மாடிக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போதும் சில நாள் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். சட்டைக் கை காய்ந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பேன்? கௌசல்யா, உன்னிடம் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஆப் கேட்பதைக் கொடு. அதற்கு முன்னால் கீழ் மாடியைப் போய்ப் பார், மேல் மாடியைக் கையால் தொடு. காலையில் பார்த்தது மதியம் அப்படியே இருக்காது, அதனால் மறுபடி போ.

அன்று புகை அடங்கிப் படிக்கட்டு தெளிந்ததும் தீயணைப்பு வீரர்கள் மேலே இருந்தவர்களை ஒவ்வொருவராக இறக்கிவந்தார்கள். பாபு வந்தார், தலையை ஆட்டிவிட்டுப் போய் மணலில் உட்கார்ந்தார். செல்வி கடைசிக்கு முந்திய ஆளாக வந்தார். முழங்கை வரை சிமெண்ட், அது காய்ந்து வெடித்திருந்தது. நேராக என்னிடம் வந்தவர் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டார். யாழினி அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி என் தோளிலிருந்து எம்பினாள்.

"இருடி. கையெல்லாம் சிமெண்டு, ஒடம்பு அரிக்கும்" என்றார் செல்வி மகளிடம். பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், செத்த நேரம் வச்சிருங்க. கழுவிக்கிட்டு வந்துடறேன்."

கீழே இருந்த குழாயில் குனிந்து, விரல் இடுக்கு, நகக்கண், முழங்கை என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் அவர் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.